பாக்கியம் அக்கா காத்திருந்த நேரம்

அன்புள்ள தம்பிக்கு,

முந்தாநாள் போனில் நான் சொன்னதைச் செய்துவிடாதே. "சிஸ்டர் சொல்றபடி எழுதிரு சாமி, நமக்கெதுக்கு வம்பு" என்று நான்தான் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன், ஆனாலும் தெளிவாகத்தான் சொன்னேன். இப்போது அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இதையும் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ இரண்டு வார்த்தை பேசியதும் நான் அழ ஆரம்பித்துவிடுவேன், நீயும் "சரி விடுங்கம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற கவிதா ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். அனுப்பும்போது படிப்பாள், அவளுக்கு அந்தப் பழக்கம் உண்டு. படிக்கட்டும். இந்த லயத்து வரிசை வீடுகளில் நாளைக்கு எல்லோருக்கும் தெரிந்தாலும் தெரியட்டும். மறைப்பதற்காக எழுதுகிற கடிதம் இல்லை இது.

நீ அன்றைக்குச் சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்க்க அதையே முதலில் எழுதுகிறேன். நம் தோட்டத்துக் கீழ் டிவிசன் மாணிக்கம் அண்ணனுக்கு வயிற்றில் ஒப்பரேசன் செய்து நீ நர்சாக இருக்கிற வார்டில் போட்டிருந்தார்கள். மறுநாள் காலையில் பெரிய டாக்டர் ரவுண்டு வந்தபோது நன்றாகத்தான் இருந்தாராம். மணிக்கொரு தடவை பிரசரும் நாடியும் பார்த்து டிக்கெட்டில் எழுதச் சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். கட்டில் தலைமாட்டில் தொங்குகிற அந்தக் கோப்பை நீங்கள் டிக்கெட் என்கிறீர்கள். நோயாளிக்கு என்ன செய்தோம், அவன் எப்படி இருந்தான் என்பதெல்லாம் அதில்தான் இருக்க வேண்டும். நீ ஒரு தடவை பார்த்து எழுதினாய். பிறகு அந்தப் பக்கமாகப் போகும்போது "வலிக்குதா?" என்று கேட்டாய். "ஒண்ணுமில்லங்க சேர்" என்றார். வலி இல்லை என்கிறார் என்று இங்கிலீசில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்தாய். சின்ன வயதில் உன்னைத் தோளில் வைத்துத் தேர் காட்டிய மனிதர் உன்னை சேர் என்று கூப்பிட்டாரே என்று அதைச் சொல்லும்போதுதான் உன் குரல் முதலில் உடைந்தது.

அதற்குப் பிறகு நீ மேசையில் உட்கார்ந்துவிட்டாய். சும்மா உட்காரவில்லை, எனக்குத் தெரியும். கட்டில்களுக்கு நடுவே தரையிலும் ஆட்கள் படுத்திருக்கிற வார்டு, அன்றைக்கு நீங்கள் இரண்டே பேர். முதல் நாள் பெரிய டாக்டர் நாலைந்து டிக்கெட்டை எடுத்து எல்லோர் முன்னாலும் வீசி, பாதிக் கட்டம் காலியாகக் கிடக்கிறது என்று கத்தியிருக்கிறார். மேலிடத்திலிருந்து கோப்புகளைச் சோதிக்க ஆள் வரப்போவதாகவும் பேச்சு. அதனால் நீ வார்டு முழுவதற்கும் முந்தைய நாட்களில் விட்டுப்போன கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தாய். யார் கையையும் தொடாமல், எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே எண். அப்போது டம்ளரால் கட்டில் பக்கத்து லொக்கரைத் தட்டுகிற சத்தம் கேட்டது என்றாய். யாரோ தண்ணீர் குடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தொடர்ந்து எழுதினாய். தட்டியது மாணிக்கம் அண்ணன்தான் என்று பக்கத்துக் கட்டில்காரர் அப்புறம் சொன்னார். வாய்விட்டுக் கூப்பிட அவருக்குக் கூச்சம். உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தபோதும் அந்த மனுசனுக்குக் கூச்சம்.

பகல் பன்னிரண்டு மணிக்கு, நோயாளி பார்க்கும் நேரத்துக்குப் பாக்கியம் அக்கா கஞ்சியோடு வந்தார். புருசன் தூங்குகிறார் என்று நினைத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மணி அடித்து எல்லோரும் கிளம்பும்போது எழுப்பிப் பார்த்திருக்கிறார், எழும்பவில்லை. நீ ஓடிப்போய்த் தொட்டாய். தொட்டதுமே தெரிந்துவிட்டது, அது அப்போதுதான் போன உயிர் இல்லை என்று. "ஒடம்பு சில்லுன்னு கெடந்துச்சும்மா, ரொம்ப நேரமாயிருச்சு" என்றாய். அந்த வார்த்தையை மனதில் வைத்துக்கொள், பிறகு அதற்கு வருகிறேன். அன்றைக்குச் சாயந்தரமே வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மல்லி, ரவுண்டுக்குப் பொறகு ஒரு தடவதான் எழுதியிருக்கு. விசாரணைக்கு டிக்கெட்ட கேப்பாங்க. அதுக்கு முந்தி நெரப்பிருங்க. பன்னெண்டு மணி வரைக்கும் எல்லாம் சரியா இருந்ததா இருக்கட்டும்" என்றிருக்கிறார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. தம்பி என்று கூப்பிட்டு அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார், உன்னைக் காப்பாற்றத்தான் சொல்லியிருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "எல்லாரும் செய்றதுதாம்மா" என்று நீயும் சொன்னாய். நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டேன்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், பயத்தில் சொன்னேன். உன் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்த லயத்தில் அரசாங்க உத்தியோகத்துக்குப் போன முதல் ஆள் நீ. வெள்ளைச் சட்டையைப் போட்டு நீ முதல் தடவை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது உன் அப்பா வாசலில் நின்று, யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டதை நினைத்து இன்றைக்கும் சிரிப்போம். அந்தச் சட்டை போய்விடுமே என்றுதான் எனக்குத் தோன்றியது. மாணிக்கம் அண்ணன் எனக்குத் தோன்றவில்லை. செத்தவர் செத்துவிட்டார், நாலைந்து கட்டத்தில் நாலைந்து எண்ணைப் போட்டால் யாருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். உன் அப்பாவும் பக்கத்தில் நின்று அதற்குத் தலையாட்டினார். நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்குச் சோறு கூடச் சாப்பிட்டோம்.

உன் இடது முழங்கையைக் கொஞ்சம் நிமிர்த்திப் பார். முழுக்க நிமிராது. இரண்டாம் வகுப்பு படிக்கும்போது கொய்யா மரத்திலிருந்து விழுந்து வந்தாய். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு உன்னை இழுத்துக்கொண்டு போகிற வழியெல்லாம் நான் என்ன சொல்லிக்கொண்டு போனேன் என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, எனக்கு இருக்கிறது. "டாக்டரய்யா முன்னாடி அழுவாத. கேட்டா வலிக்கலன்னு சொல்லு. நல்ல புள்ளையா இரு." அவர் உன் கையைப் பிடித்து அசைத்து "வலிக்குதாடா?" என்று கேட்டார். உன் உதடு நடுங்கியது, ஆனாலும் "இல்லங்கய்யா" என்றாய். கெட்டிக்காரன் என்று உன் தலையைத் தட்டி, தைலத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்கும் பெருமைதான். எலும்பு உடைந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் கோணலாகக் கூடிவிட்டது.

இதை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை, பெரட்டுக் களத்தில் நின்று நின்று வந்த பழக்கம். காலையில் பேர் கூப்பிடும்போது கணக்கப்பிள்ளை முகத்தைப் பார்த்து "என்ன, ஒடம்புக்கு முடியலயா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லங்கய்யா" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. முடியவில்லை என்றால் திரும்பிப் போகச் சொல்வார்கள், அன்றைக்குப் பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. அதனால் கையில் பேப்பரும் பேனாவும் வைத்துக்கொண்டு எதிரே யார் நின்று எது கேட்டாலும் எங்கள் வாயில் தானாக வருவது அந்த ஒரே பதில்தான். சிங்களத்தில் கேட்டால் "ஹொந்தாய்" என்போம், நல்லா இருக்கேன் என்று. மாணிக்கம் அண்ணன் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். மலையில் தேயிலைச் செடியை வெட்டும்போது கத்தி தன் காலில் பட்டால், துணியைக் கட்டிக்கொண்டு நிரையை முடித்துவிட்டுத்தான் இறங்குவார். அவரிடம் போய் நின்றபடி "வலிக்குதா?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று உனக்குத் தெரியாதா? வெளியூரிலிருந்து வந்த ஒரு நர்சுக்குத் தெரியாமல் போகலாம். இந்த லயத்தில் பிறந்து, அந்த முழங்கையோடு திரிகிற உனக்குத் தெரியாது என்றால் நான் நம்ப மாட்டேன். எனக்குக் கோபம் வருகிறது தம்பி, எழுதும்போதே வருகிறது.

எனக்குப் பித்தப்பையில் கல் என்று ஆஸ்பத்திரியில் கிடந்தேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். நீ அப்போது ஓ.எல். பரீட்சை எழுதப் படித்துக்கொண்டிருந்தாய். அந்த வார்டில் காலையில் வந்தவர்கள் எல்லோரும் ஒரு கேள்வி கேட்டார்கள், நான் எல்லோருக்கும் "ஹொந்தாய் மிஸ்" என்று சிரித்தேன். வயிற்றுக்குள் கத்தி சுழல்கிறது, நான் பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கிறேன். கொஞ்சம் வயதான ஒரு சிங்கள நர்ஸ், மூக்குக்கண்ணாடி போட்டவர், என் பதிலைக் கேட்டுவிட்டு நகராமல் நின்றார். போர்வையை விலக்கினார். என் இரண்டு கையும் வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தன, சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. "மேக்கத ஹொந்தாய்?" என்று என்னைத் திட்டினார், இதுதான் உன் நல்லா இருக்கிறதா என்று. பிறகு அங்கேயே, கட்டில் பக்கத்திலேயே நின்று எழுதினார். டாக்டர் அதைப் படித்ததும் சிரித்துவிட்டார், உடனே முகம் மாறிவிட்டது. நல்லா இருக்கிறேன் என்கிறாள், ஆனால் வியர்த்திருக்கிறாள், வயிற்றைப் பிடித்திருக்கிறாள், தொட்டால் சுருங்குகிறாள் என்று எழுதியிருந்ததாம். அன்றைக்கே என்னை ஒப்பரேசனுக்குக் கொண்டுபோனார்கள். அந்த நர்ஸைப் பார்த்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்று நீ இன்டர்வியூவில் சொன்னாயாம். பொய். ஏ.எல். முடிவு வந்ததும் கிடைத்ததற்குப் போனாய், எனக்குத் தெரியும். பரவாயில்லை, நல்ல பொய்தான். இப்போதாவது அதை உண்மையாக்கு.

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன். இதற்காகத்தான் கடிதமே. நேற்று மத்தியானம் மழை கொஞ்சம் விட்டதும் பாக்கியம் அக்கா கீழ் டிவிசனிலிருந்து நடந்து நம் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து உன் அப்பா வாசலிலேயே எழும்பி நின்றுவிட்டார். அவர் சண்டைக்கு வரவில்லை. கையில் ஒரு பையோடு வந்து உள்ளே உட்கார்ந்தார். நான் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன், குடிக்கவில்லை. "தம்பி நல்லாருக்கா? அதுவும் ரொம்பப் பயந்துபோயிருக்கும், பாவம்" என்று முதலில் உன்னைத்தான் விசாரித்தார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "ஒன்னய ஒண்ணு கேக்கணும்மா. ஒம் மகன் அங்கதானே இருந்துச்சு, அதுக்குத் தெரிஞ்சிருக்கும். நான் போயி உக்காந்தப்ப அவருக்கு உசுரு இருந்துச்சா?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே சொல்லிக்கொண்டு போனார். "நான் போறப்ப அவரு அந்தப் பக்கமாத் திரும்பிப் படுத்திருந்தாரு. ஒப்பரேசன் பண்ண ஒடம்பு, தூங்கட்டும்னு விட்டுட்டேன். தூங்குறவங்கள எழுப்பப்படாதுன்னு சும்மா உக்காந்துட்டேன். கால் வெளிய கெடந்துச்சு. தொட்டேன், சில்லுன்னு இருந்துச்சு. குளுருதுன்னு நெனச்சு போர்வைய இழுத்து மூடிவிட்டேன். ஆத்தா, மூடிவிட்டேனே. ஒருத்தரக் கூப்பிட்டுச் சொல்லணும்னு எனக்குத் தோணலயே. தொரைங்க அங்கிட்டும் இங்கிட்டும் போறாங்க, வர்றாங்க. தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு இருந்துட்டேன்."

உன் அப்பா "அப்படியெல்லாம் நெனைக்காதீங்க" என்று ஏதோ சொல்லப் பார்த்தார். பாக்கியம் அக்கா தலையை ஆட்டினார். "இல்லண்ணே. ஆஸ்பத்திரி ஆபிசுல எம் மூத்தவன் போயிக் கேட்டான். பன்னெண்டு மணி வரைக்கும் ஒங்கப்பாவுக்கு ஒண்ணுமில்ல, நாடி பிரசர் எல்லாம் சரியா இருந்துச்சுன்னு சொல்லியிருக்காங்க. அப்பிடின்னா நான் போனப்புறந்தானே? எம் பக்கத்துலதானே போயிருக்கு? நான் கஞ்சியக் கையில வச்சிக்கிட்டு வாயப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன், அவரு போயிட்டாரு. ஒரு சத்தம் குடுத்திருந்தா ஓடி வந்திருப்பாங்கள்ல?"

தம்பி, இதை மெதுவாகப் படி. நீ இன்னும் அந்தக் கட்டங்களை நிரப்பவில்லை என்றுதான் நம்புகிறேன். ஆனால் அதற்குள்ளேயே, நிரப்பப் போகிற கதையை யாரோ அந்த வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் என்ன நினைத்தேன்? யாருக்கும் ஒன்றும் குறையப் போவதில்லை என்று நினைத்தேன். சாவுக்கு ஒரு நேரம் உண்டு. காலையில் நடந்த சாவைப் பன்னிரண்டு மணிக்குத் தள்ளி வைத்தால், அது போய் விழுவது அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் தலையில். பன்னிரண்டு மணி வரைக்கும் நாடி சரி என்று நீ எழுதினால், உன் மேல் இருக்கிற பழியை எடுத்துப் பாக்கியம் அக்கா கையில் கொடுக்கிறாய் என்றுதான் அர்த்தம். அவர் அதை மறுக்கவும் மாட்டார். நம் ஆட்களுக்கு அரசாங்கப் பேப்பரில் இங்கிலீசில் எழுதியிருந்தால் அது சாமி சொன்ன மாதிரி. கடைசி மூச்சு வரைக்கும் அவர் அந்தப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டே இருப்பார்.

"ரொம்ப நேரமாயிருச்சும்மா" என்று நீ என்னிடம் சொன்னது அப்போது என் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொல்லியிருந்தால் அந்த அம்மாவுக்கு நேற்று ராத்திரி தூக்கம் வந்திருக்கும். நான் சொல்லவில்லை. உன் வேலையை நினைத்து வாயை மூடிக்கொண்டேன் என்று நீ நினைத்தால் அதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, அது நான் சொல்ல வேண்டியது இல்லை. "தம்பி கருமாதிக்கு வருவான்க்கா. வந்து அவனே ஒங்ககிட்ட சொல்லுவான்" என்று மட்டும் சொன்னேன். "வரச் சொல்லும்மா" என்று எழும்பினார். உன் அப்பா குடையை எடுத்துக்கொண்டு அவரைக் கீழ் டிவிசன் வரைக்கும் கொண்டுபோய் விட்டார்.

திரும்பி வந்த பிறகு உன் அப்பாவிடம், நான் உனக்கு எழுதப் போகிறேன் என்றேன். "புள்ள சோத்துல மண்ண அள்ளிப் போடாத" என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். நான் அடுப்படியில் மேசையை இழுத்துப் போட்டு எழுத ஆரம்பித்தேன். இந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தை எழுதி முடித்தபோது அவர் எதிரே வந்து உட்கார்ந்தார். நான் எழுதியதை வாங்கிப் படித்தார். தோட்டத்து ஃபெக்டரியில் அவ்வளவு வருசம் இரைச்சலில் நின்றவர், பேச்சு குறைவு, உனக்குத் தெரியும். "வேலை போச்சுன்னா வீட்டுக்கு வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். மீதிப் பக்கங்களை இன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன்.

அதனால் நான் இப்போது சொல்வதைக் கேள். அந்தக் கட்டங்களைக் காலியாகவே விடு. நீ பார்க்காத நாடியை எழுதாதே. கடைசியாக எழுதிய இடத்துக்குக் கீழே, இது பிறகு எழுதுவது என்று தெரியும்படி அன்றைய தேதியைப் போட்டு, உன் பேரை எழுதி, ரவுண்டுக்குப் பிறகு ஒரு தடவைதான் பார்த்தேன், அதற்குப் பிறகு பார்க்கவில்லை, தட்டுகிற சத்தம் கேட்டது, போகவில்லை, தொட்டபோது உடம்பு குளிர்ந்திருந்தது என்று எழுது. அப்போது நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்பதையும் எழுது. மற்றவர்கள் டிக்கெட்டில் நீ குருட்டாம்போக்கில் போட்ட எண்களையும் சொல்லிவிடு. கட்டம் காலியாக இருந்தால் திட்டுகிறார்கள், நிறைந்திருந்தால் சரி என்று விட்டுவிடுகிறார்கள், யாரைப் பார்த்து நிரப்பினாய் என்று ஒருவரும் கேட்பதில்லை என்று நீ சொன்னாய் அல்லவா? விசாரணையில் அதைச் சொல். இரண்டு பேர் எத்தனை பேரைப் பார்க்க வேண்டியிருந்தது என்பதையும் சொல். ஆனால் அதை முன்னால் வைத்து அதன் பின்னால் ஒளிந்துகொள்ளாதே. சிஸ்டரைக் காட்டிக்கொடு என்று நான் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்து, மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா, என்னால் முடியாது என்று நேராகச் சொல்.

இதற்கு என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. நல்லது நடக்கும் என்று உன்னை ஏமாற்ற மாட்டேன். உன்னை நிறுத்தலாம், எங்கேயாவது தூரத்துக்குத் தூக்கியடிக்கலாம். கூட வேலை செய்கிறவர்கள் உன்னோடு பேசாமல் போகலாம், அவர்கள் டிக்கெட்டுகளையும் நாளைக்குப் புரட்டுவார்கள் என்ற பயத்தில். இந்தப் பக்கத்து ஆட்களும் உன்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடப் போவதில்லை. நம்ம பையனே நம்ம ஆளைச் சாகவிட்டான் என்று கோயில் வாசலில் நின்று பேசுவார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நானும் அந்த வழியாகத்தான் கடைக்குப் போக வேண்டும். போவேன். நீ உண்மையை எழுதினாலும் மாணிக்கம் அண்ணன் திரும்ப வரப் போவதில்லை. நீ அந்தச் சத்தத்துக்கு எழும்பிப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது, ஒருவேளை உனக்கும் தெரியாது. அந்தக் கேள்வியோடு நீ இருக்க வேண்டும். உன்னைப் பெற்றவளாக அதை நான் வாங்கி வைத்துக்கொள்ள முடிந்தால் வாங்கிக்கொள்வேன். முடியாது, அதனால்தான் பாக்கியம் அக்காவிடமும் அதைக் கொடுக்காதே என்கிறேன்.

வேலை மிஞ்சினால், இனிமேல் நம் ஆள் ஒருவர் உன்னிடம் ஒண்ணுமில்லங்க என்றால் போர்வையை விலக்கிப் பார். அவர் சொன்னதை எழுது, பக்கத்தில் நீ பார்த்ததையும் எழுது. பார்க்க நேரம் இல்லாமல் போனால், பார்க்கவில்லை என்று எழுது. பார்க்கவில்லை என்று எழுதியிருந்தால் அடுத்து வருகிறவராவது போய்ப் பார்ப்பார். எல்லாம் சரி என்று எழுதியிருந்தால் யார் போகப் போகிறார்கள்?

பாக்கியம் அக்கா கையில் ஒரு பை இருந்தது என்றேனே, அதை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். மறந்து போனார் என்று நினைத்து எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஃபிளாஸ்க். மூடியைத் திறந்தால் கஞ்சி அப்படியே இருந்தது, புளித்து நுரைத்துப் போய். வீட்டில் வைத்திருக்கவும் முடியாமல், வீசவும் மனசு வராமல் இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார். நான் அதைக் கொட்டி, சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, அடுப்படித் தட்டில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அதை நான் கொண்டுபோய்க் கொடுக்கப் போவதில்லை.

கருமாதிக்கு வா. லீவு தராவிட்டாலும் வா. கட்டங்களை நிரப்பிவிட்டாய் என்றால் மட்டும் வராதே, நான் அக்காவிடம் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். வந்தால் முதலில் வீட்டுக்கு வந்து அந்த ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு தனியாகக் கீழ் டிவிசனுக்குப் போ. வெள்ளைச் சட்டை வேண்டாம். சின்னப் பிள்ளையில் அவரை எப்படிக் கூப்பிடுவாயோ அப்படிக் கூப்பிட்டு, நின்றபடி பேசாமல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்: "பெரியம்மா, நீங்க வந்து உக்காரும்போதே பெரியப்பா இல்ல. நீங்க எழுப்பியிருந்தாலும் எந்திரிச்சிருக்க மாட்டாரு. அவரு தட்டுனாரு. எந்திரிச்சுப் போயிருக்க வேண்டியவன் நான்."

இப்படிக்கு,
அம்மா